வலியசாலையில் ஒரு பிரெஞ்சுக் குப்பி

திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழன்பர்கள் பத்மநாபசுவாமி ஆலயத்தைத் தரிசிப்பார்கள். கோவளம் கடற்கரையில் கால் நனைப்பார்கள். சாலைக் கடைத்தெருவில் நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள். தம்பானூர் இரயில் நிலையத்தினின்று நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் வலியசாலை இருக்கிறது. அதனைக் காண வருவோர் மிகச் சிலரே. வந்தாலும், இதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

வலிய என்னும் மலையாளச் சொல்லுக்குப் பெரிய என்று பொருள். சாலை என்றது வண்டிகள் ஓடும் வீதியை அன்று. கல்வி பயில்வோர்க்கு உணவும் உறையுளும் அளித்த பழைய அறநிலையத்தை. முதலாம் இராசராச சோழனுடைய கல்வெட்டுக்களில் வரும் காந்தளூர்ச்சாலை இவ்விடமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். வேறு கருத்துடையோரும் உளர். இங்குள்ள மகாதேவர் கோயிலுக்கு இன்றும் காந்தளூர் என்ற பெயரே வழங்குகிறது. கோயிலைச் சார்ந்து, ஒன்றையொன்று தோள் தொட்டு நிற்கும் ஓட்டு வீடுகளைக் கொண்ட அக்கிரகாரம் உண்டு. ஓடுகள் போய் மாடிகள் எழும்பிவிட்ட வீடுகள் இப்போது பல. ஆயினும் விடியற்காலையில் வாசல் தெளிக்கும் ஒலியும், கோலப்பொடியும், தமிழில் ஒருவரையொருவர் அழைக்கும் குரலும் இன்னும் அற்றுப்போகவில்லை. அவ்வீதிகளுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றிலே நாம் குடியிருக்கிறோம்.

நம் குடும்பம் இங்கு வந்தது பாட்டனார் காலத்தில். கோட்டாற்றில் மளிகை வைத்திருந்த அவர், சாலைக் கடைத்தெருவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடையொன்றைத் திறந்தார். கோட்டாறும் திருவனந்தபுரமும் அப்போது ஒரே திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. 1956 நவம்பர் முதல் தேதியன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தபொழுது, இருந்த இடத்தில் இருந்தபடியே நாம் வெளிமாநிலத்தார் ஆனோம். பெட்டி கட்டவில்லை, வண்டி ஏறவில்லை, ஆனால் புலம்பெயர்ந்தோர் ஆகிவிட்டோம். 1979இல் நாகர்கோவிலுக்கு இரயில் ஓடத் தொடங்கிய பிறகு பிறந்த ஊர் மறுபடியும் பக்கத்தில் வந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்ட நாம் அந்த இரயில்வேயிலேயே குமாஸ்தாவாகி, பார்சல் அலுவலகத்தில் சீட்டு எழுதிக் காலங் கழித்து வருகிறோம். எங்கிருந்து, யாரால், எப்போது, எவ்வளவு எடை: இந்நான்கையும் பார்த்தாலன்றி எந்தப் பெட்டியையும் நம் கண் விடாது. இப்பழக்கம் பிறகு ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது.

காப்பிக் கடையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பாட்டனாருக்குப் பின் நம் தந்தையாரும் சிறிய தந்தையாரும் அதனைச் சேர்ந்து நடத்தினர். சிறிய தந்தையார் கெட்டிக்காரர். ஆனால் குடிக்கு அடிமையானார். தம் பாகத்தைப் பிரித்துக் கேட்டார். கடையின் நடுவே பலகைச் சுவர் எழும்பிற்று. அடுத்த வருஷமே பலகைக்கு அப்பாலிருந்த பாதி அடகுக்குப் போய், பிறகு அன்னியர் கைக்கும் போயிற்று. இன்று அங்கே செருப்புக் கடை இருக்கிறது. 1991இல் நாற்பத்தொரு வயதில் அவர் காலமானார். நமக்கு அப்போது ஐந்து வயது. தந்தையார் அவரைத் தோள்மீது சார்த்திப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவினின்று இறக்கியது ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது. அதன்பின் நம் இல்லத்தில் மதுவின் பெயரே எழுந்ததில்லை. இருமல் மருந்து வாங்கி வந்தாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே தந்தையார் கொடுப்பார்.

இத்தகைய வீட்டுக்குத்தான் சென்ற 2025ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் பிரெஞ்சு தேசத்துத் திராட்சை மது வந்து சேர்ந்தது.

நவராத்திரி வலியசாலைப் பக்கத்துக்குப் பெருமை தரும் காலம். பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் ஊர்வலமாக எழுந்தருளுவர். தலைநகர் பத்மநாபபுரத்தினின்று திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு ஏற்பட்ட வழக்கம் இது. சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருப்பாள். அவள் கம்பர் வழிபட்ட கலைமகள் என்பது கர்ண பரம்பரை. குமாரசுவாமி நமக்கு அடுத்துள்ள ஆரியசாலையிலும், முன்னூற்று நங்கை செந்திட்டையிலும் தங்குவர். தமிழ்நாட்டுத் தெய்வங்கள் எல்லை கடந்து வந்து பத்து நாள் தங்கிப் போவதைக் காண நாகர்கோவிலிலிருந்து உறவினரும் வருவார்கள். நம் தமக்கையார் ஆண்டுதோறும் வருவார். இம்முறை தம் மகளையும் உடன் அழைத்து வந்தார். அவள் பிரெஞ்சு தேசத்தில் திஜோன் என்னும் நகரில் மேற்படிப்புப் படித்து, அருகிலுள்ள போன் என்னும் ஊரின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வயது இருபத்தேழு.

என்ன வேலை என்று யாரேனும் கேட்டால் தமக்கையார் உணவு வேதியியல் என்பார். அது பொய்யன்று; முழு மெய்யுமன்று. அவள் கற்றது திராட்சை மது இயல். மதுவின் புளிப்பையும் துவர்ப்பையும் அளப்பது, ஊறும் பீப்பாய்களில் என்ன நடக்கிறதென்று பார்ப்பது, குறையிருந்தால் சொல்வது, இவையே அவள் தொழில். வந்த அன்று இரவு, தந்தையார் உறங்கிய பின், அவள் பெட்டியைத் திறந்து துணிகளுக்கிடையில் சுற்றியிருந்த இரண்டு குப்பிகளை எடுத்தாள். வெளிநாட்டினின்று வருவோர் இரண்டு லிட்டர் வரை சுங்கமின்றிக் கொண்டுவரலாமாம். முக்கால் லிட்டர் வீதம் இரண்டு குப்பிகள் என்றால் ஒன்றரை லிட்டர். கணக்கு சரியாகவே இருந்தது.

“மாமா, என் வேலை இன்னதென்று தாத்தாவிடம் சொல்லப் போகிறேன். மூன்று வருஷமாக அம்மா மறைக்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை” என்றாள்.

நாம் செய்த காரியம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நவராத்திரி முடியட்டும் என்று கூறி, இரு குப்பிகளையும் பழைய பார்சல் சாக்கில் சுருட்டி அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்துவைத்தோம். மறுநாள் காலையில் தந்தையார் நாழி அரிசி அளக்கப் போனவர் அதைக் கண்டார். சாக்கை அவிழ்த்தார். நம்மைப் பார்த்தார். தம் தம்பியின் காரியங்கள் அத்தனையும் அக்கணத்தில் அவர் கண்முன் வந்திருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நாம் வாய் திறக்குமுன் அவள் முன்வந்து, “அது என்னுடையது தாத்தா. அதைச் சோதிப்பதுதான் என் உத்தியோகம்” என்று நின்றபடியே எல்லாவற்றையும் கூறிவிட்டாள்.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. ஆரியசாலைக் கோயிலுக்குத் தனியே போவார், வருவார், திண்ணையில் அமர்வார். அவ்விரண்டு நாட்களும் வீடு பட்டபாட்டை விவரிக்க வேண்டியதில்லை.

சமாதானம் செய்யும் எண்ணத்துடன் நாம் இலக்கியத்தைத் துணைக்கு அழைத்தோம். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தித் தரப் பருகி மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுவைச் சுமந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. நம் கேரளத்திலேயே, முசிறி என்று கருதப்படும் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழ்வாய்வில் அத்தகைய சாடித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே மேல்நாட்டுத் திராட்சை மது தமிழர்க்குப் புதியதன்று என்று திண்ணையோரம் நின்று பிரசங்கித்தோம்.

தந்தையார் கேட்டார்: “அந்தப் பாண்டியனுக்கு அடகு வைக்கப் பாதிக் கடை இருந்ததா?”

நாம் உள்ளே போய்விட்டோம்.

மூன்றாம் நாள் மாலையில் அவரே அவளைக் கூப்பிட்டார். நாமும் தூணோரம் நின்றோம். முதலில் அவர் கேட்டது இது: “மக்களே, நாள் முழுதும் குடித்துப் பார்ப்பதா உன் வேலை?”

“இல்லை தாத்தா. வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவோம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மாதிரி வரும். விழுங்கினால் வேலை பார்க்க முடியாது.”

தந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். துப்புவதா! காப்பி வாரியத்தில் சுவை பார்ப்போர் அப்படித்தான் செய்வார்கள். வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, கரண்டியால் சத்தத்துடன் உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு, பக்கத்துப் பாத்திரத்தில் துப்பிவிடுவர். இளமையில் அதனைக் கண்டு வந்து தாமும் அவ்வாறே பழகியவர் அவர். ஒரு வாய் காப்பியைக் கொண்டு இது ஏற்காட்டுக் கொட்டை, இது வயநாட்டுக் கொட்டை, இது மழையில் நனைந்து உலர்ந்தது என்று சொல்வார். அந்தச் சுவைஞானத்தைக் கற்றுக்கொள்ள நமக்கு நாக்கில்லை, தமக்கையாருக்குப் பொறுமையில்லை. தலைமுறை தாண்டி அது எங்கே போய் முளைத்திருக்கிறது என்பதை அவர் அப்போதுதான் கண்டார் போலும். அன்றிரவு ஒன்பது மணி வரை திண்ணையில் பேச்சு நடந்தது. கேட்டவற்றில் நம் நினைவில் நின்றதை எழுதுகிறோம்.

பிரெஞ்சு மதுக்குப்பியின் மேலுள்ள சீட்டில் பெரும்பாலும் திராட்சையின் சாதிப் பெயர் இராது. ஊர்ப் பெயரே இருக்கும். அவள் கொண்டுவந்ததில் வோல்னே என்று எழுதியிருந்தது. அது பர்கண்டி நாட்டில் ஒரு கிராமம். அவ்வூர்ப் பெயரில் விற்பதானால், அவ்வூர் எல்லைக்குள் விளைந்த பீனோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சையில் செய்த சிவப்பு மதுவாகவே இருத்தல் வேண்டும். 1935இல் பிரெஞ்சு அரசு இதற்கெனச் சட்டமும் ஒரு நிறுவனமும் ஏற்படுத்தியது. எந்த ஊர், என்ன திராட்சை, ஏக்கருக்கு எவ்வளவு விளைவிக்கலாம் என்பதெல்லாம் அதில் அடங்கும். நமக்கு இது எளிதில் விளங்கிற்று. மதுரை மல்லிக்கு 2013இலும், நம் கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023இலும் கிடைத்த புவிசார் குறியீடு இதற்கு ஒப்பானதே. சீட்டில் ஊர், செய்தவர், வருஷம், அளவு ஆகிய நான்கும் இருந்தன. நம் பார்சல் சீட்டைக் காட்டிலும் ஒழுங்காகவே இருந்தன என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வருஷம் 2019, நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சாராயச் சத்து.

பர்கண்டியில் சிவப்பு மது ஒரே திராட்சையால் ஆவது. போர்தோவில் இரண்டு மூன்று திராட்சைகளைக் கலப்பர். கபர்னே சோவிஞோன் துவர்ப்பும் உறுதியும் தரும்; மெர்லோ மென்மை தரும். கரோன் ஆற்றின் இடக்கரையோரம் கூழாங்கல் நிலத்தில் முன்னது மிகுதி. தோர்தோஞ் ஆற்றின் வலப்புறத்தில் பின்னது மிகுதி. தந்தையார் உடனே, “ஆக, போர்தோக்காரன் நம்மைப் போலக் கலவை போடுகிறவன்; பர்கண்டிக்காரன் தனிப் பீபரி விற்கிறவன்” என்றார். பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். போர்தோவின் பெரிய தோட்டங்களை 1855ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஐந்து படிகளாக வகுத்தார்களாம். முதற்படிக்குப் பின்னால் ஏற்றம் பெற்றது ஒரே ஒரு தோட்டம், அதுவும் 1973இல். உத்தியோக உயர்வுக்காக இத்தனை காலம் காத்திருப்பவர் இரயில்வேயில் மட்டுந்தான் உண்டென்று எண்ணியிருந்தோம்.

பர்கண்டியைப் பற்றி அவள் சொன்ன ஒரு செய்தி தந்தையாரை மிகவும் தொட்டது. அங்கே குன்றின் சரிவெல்லாம் சிறு சிறு வயல்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். நாஞ்சில் நாட்டில் வயலுக்கு வயல் பெயர் வைத்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். இத்தகைய 1,247 வயல்களை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது. அவற்றுள் ஒன்று குளோ தெ வூழோ. இடைக்காலத்துத் துறவிகள் மதிலெடுத்து வளர்த்த தோட்டம். ஏறக்குறைய ஐம்பது ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் அது துறவிகள் கையைவிட்டுப் போயிற்று. பிள்ளைகளுக்கெல்லாம் சமபாகம் என்னும் நெப்போலியன் சட்டத்தினாலும், விற்பனைகளாலும், இன்று ஒரே மதிலுக்குள் எண்பது பேர் வரை உடையவர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம். ஒரே மண்ணானாலும் ஒவ்வொருவர் மதுவும் வேறு.

“பலகைச் சுவர் கட்டவில்லையா?” என்று தந்தையார் கேட்டார்.

“இல்லை தாத்தா. வரிசைக்கு வரிசை யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும்.”

அவர் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மது எவ்வாறு ஆகிறதென்ற பேச்சு வந்தது. இதனை விளக்க அவள் வேதியியலை எடுக்கவில்லை, பனையை எடுத்தாள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இனிப்பை நொதி தின்று சாராயமாகவும் கரிக்காற்றாகவும் மாற்றுவதே இரண்டுக்கும் உள்ள வேற்றுமை. திராட்சையிலும் அதுவே நடக்கிறது. தோலோடும் விதையோடும் ஊறவிட்டால் நிறமும் துவர்ப்பும் இறங்கிச் சிவப்பு மதுவாகும். உடனே பிழிந்து தோலை நீக்கிவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெண்மது செய்யலாம். சாம்பேன் பெரும்பகுதி அவ்வாறு ஆவதுதான். குப்பிக்குள்ளேயே மறுமுறை நொதிக்கவிட்டுக் கரிக்காற்றை அடைத்துவைப்பதால் அது பொங்குகிறது. சாம்பேன் என்பதும் ஊர்ப்பெயரே. அப்பெயர்க்கு நம் நாட்டிலும் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு.

பேச்சின் நடுவே நம் மகன் குறுக்கிட்டு, “தாத்தா, முந்திரியிலிருந்தா வைன் செய்கிறார்கள்?” என்றான். தந்தையார் முந்திரிப்பருப்பை நினைத்துத் திகைத்தார். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. பள்ளியில் மலையாளம் படிப்பவனுக்கு அதுவே முதலில் நாவில் வருகிறது. ஆனால் அவனைக் குறை கூறவும் இயலாது. பழந்தமிழ் வழக்கில் கொடிமுந்திரி என்றதும் திராட்சையையே. யாழ்ப்பாணத்தார் இன்றும் முந்திரிகை என்றே சொல்வர். பறங்கியர் கொண்டுவந்த மரத்தின் கொட்டைக்கு அப்பெயரைக் கொடுத்துவிட்டு, பழைய சொல்லை நாம்தாம் மறந்தோம். நம் அண்டை வீட்டுக் கிறிஸ்தவர்கள் டிசம்பரில் பரணியில் ஊறவைக்கும் முந்திரி வைனும் இந்தத் திராட்சைதான். சாலைக் கடைத்தெருவில் அதற்கு வாங்குவது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அத்திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று கூறுகிறார்கள். குளிர்தேசத்துக் கொடி மாரிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்துக் கொடிக்கு உறக்கமில்லை. வெட்டிவிட வெட்டிவிடக் காய்த்துக்கொண்டே இருக்கும். உறங்காத கொடியின் பழம் தின்ன நன்று. பெரிய மதுவுக்கு உறங்கி எழுந்த கொடியே வேண்டும் என்றாள்.

அக்கொடிகள் ஒருமுறை முழுவதும் அழியப் பார்த்தன. 1860களில் அமெரிக்காவினின்று வந்த பைலாக்சரா என்னும் வேர்ப்பேன் பிரெஞ்சுத் தோட்டங்களைப் பாழாக்கிற்று. மருந்து எதுவும் பலிக்கவில்லை. முடிவில், பேனைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்று பிரான்சில் பெரும்பாலான கொடிகளின் தலை பிரெஞ்சு, கால் அமெரிக்கா. அன்னிய வேரில் நின்றாலும் பழத்தின் சுவை மாறவில்லையாம். திருவனந்தபுரத்துத் தமிழர்களாகிய நமக்கு இச்செய்தி ஆறுதல் தந்தது என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடாது.

இவ்வளவும் கேட்ட பின் தந்தையார் கடைசியாக ஒன்று கேட்டார். குரல் தணிந்திருந்தது. “இதைக் குடித்தால் மனிதன் கெடமாட்டானா?”

“கெடுவான் தாத்தா. பிரான்சிலும் கெட்டவர்கள் உண்டு. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டிலேயே பிள்ளைகளுக்கு மது கொடுத்தார்கள். 1956இல்தான் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிறுத்தினார்கள். விளம்பரத்தைக் கட்டுப்படுத்த 1991இல் சட்டம் போட்டார்கள். எந்த அளவும் உடம்புக்குத் தீங்கற்றது என்று சொல்ல முடியாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியிருக்கிறது. நல்லது என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன்.”

1991 என்றதும் தமக்கையார் எம்மைப் பார்த்தார். அவள் அறிந்து சொல்லவில்லை. சிறிய தந்தையார் போன வருஷம் அவளுக்குத் தெரியாது. தந்தையார் மட்டும், “சரி” என்றார். நம் புறநானூற்றுப் பிரசங்கம் சாதிக்காததை அந்தப் பதில் சாதித்தது.

அவ்வாண்டு விஜயதசமியும் காந்தி ஜயந்தியும் ஒரே நாளில் வந்தன. இரண்டும் கழிந்து, தெய்வங்களும் பத்மநாபபுரத்துக்குத் திரும்ப எழுந்தருளிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் குப்பியைத் திறக்க அனுமதி கிடைத்தது. வீட்டுக்குள் அன்று, கொல்லைப்புறத் தாழ்வாரத்தில். மகனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். கேரளச் சட்டப்படி மது அருந்த இருபத்துமூன்று வயது நிறைய வேண்டும். அவ்வகையில் எஞ்சியவர் எல்லோரும் தகுதியுடையோரே. நமக்கும் அன்று வார விடுமுறை என்பதைக் குறித்துவைக்கிறோம்.

முதற் சிக்கல் வெப்பம். சிவப்பு மதுவை அறையின் வெப்பத்திலேயே அருந்த வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். அந்த அறை பிரெஞ்சு தேசத்து அறை. பதினாறு பதினேழு டிகிரி. வலியசாலை அறையில் முப்பது. ஆகவே முக்கால் மணி நேரம் குளிர்பெட்டியில், தோசை மாவுக்குப் பக்கத்தில் அது அமர்ந்திருந்தது. அடுத்த சிக்கல் பாத்திரம். எவர்சில்வர் தம்ளரில் நிறம் தெரியாது, மணமும் தங்காது. ஐஸ்கிரீம் வைக்கும் கண்ணாடிக் கிண்ணங்கள் நான்கை நம் இல்லாள் எடுத்துக் கொடுத்தாள். கார்க்கைத் திறக்கும் திருகாணியை அவளே கொண்டுவந்திருந்தாள்.

ஊற்றியதும் தந்தையாருடைய வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் கிண்ணத்தைச் சாய்த்து நிறம் காட்டினாள். கறுப்பு இல்லை, மாதுளஞ் சாறு போன்ற தெளிந்த சிவப்பு. ஓரத்தில் செங்கல் நிறம் எட்டிப் பார்த்தது. வயதாவதற்கு அது அடையாளமாம். மெல்லச் சுழற்றி முகர்ந்து, சிறிதளவு வாயில் வைத்துக் காற்றை இழுக்கச் சொன்னாள்.

நம் முதல் அனுபவம் ஏமாற்றமே. புளித்தது, நா வறண்டது. நம் இல்லாள் ஒரு தேக்கரண்டி சுவைத்துவிட்டு, பழைய நெல்லிக்காய் ஊறல் என்று கிண்ணத்தை நீக்கிவிட்டாள். கடித்துக்கொள்ள வைத்திருந்த மிளகாய்ப்பொடி தூவிய வறுவலும் பொருந்தவில்லை. காரம் பட்ட நாவில் மது எரிகிறது. வெறும் நேந்திரங்காய் வறுவலையும் வறுத்த வேர்க்கடலையையும் கொண்டுவரச் செய்தாள். அப்போது ஒரு மாறுதல் தெரிந்தது. மூன்றாம் மிடற்றில் புளிப்புக்குப் பின்னால் நாவற்பழம் போன்ற ஒரு சுவை, அதன்பின் கொட்டைப்பாக்கின் துவர்ப்பு, விழுங்கிய பின்னும் சிறிது நேரம் நிற்கும் மணம். துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாக நம்மவர் எண்ணி வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் அதனைத் தொடு உணர்ச்சி என்பாராம். இவ்விஷயத்தில் நம்மவர் பக்கமே நமக்குச் சம்மதம். அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டோம். மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அதற்காகவே மறுநாள் காலை தந்தையாரைப் பார்க்கச் சற்றே கூச்சமாகவும் இருந்தது.

தந்தையார் அருந்தவில்லை. கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கி, கண்களை மூடி, காப்பிப்பொடியை முகர்வது போல மூன்று முறை முகர்ந்தார். “பழம் இருக்கிறது. மழைபட்ட மண் இருக்கிறது. எங்கேயோ லேசாக வறுத்த வாசனை வருகிறதே, மரமா?” என்றார்.

“ஓக் மரப் பீப்பாய் தாத்தா. உள்ளே தீயில் வாட்டுவார்கள்.”

“அளவாக வாட்டியிருக்கிறான்” என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, யாரையும் பாராமல், “அவனுக்கும் நல்ல மூக்கு. வறுக்கும்போது அடுப்புப் பக்கம் போகாமலேயே பதம் சொல்வான்” என்றார். முப்பத்துநான்கு வருஷங்களில் சிறிய தந்தையாரைப் பற்றி அவர் நல்லதாக ஒன்று சொல்லி நாம் கேட்டது அதுவே முதல் தடவை.

எஞ்சிய மதுவைத் தமக்கையாரும் மகளும் தீர்த்தார்களா, கொல்லைத் தென்னைக்குப் போயிற்றா என்பதை நாம் விசாரிக்கவில்லை. இரண்டாவது குப்பியை அவள் நாகர்கோவிலில் தன் ஆசிரியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் புறப்படுவதற்கு முன்தினம் தந்தையார் சாலைக்குப் போய்க் கொட்டை வாங்கிவந்தார். கடையை விட்ட பிறகு பல வருஷங்களாகத் தொடாத வறுவல் உருளையைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லித் தாமே சுழற்றினார். சிக்கரி சேர்க்கவில்லை. அரைக் கிலோப் பொட்டலங்கள் இரண்டு கட்டி, ஒவ்வொன்றின்மேலும் நம் பார்சல் மைப்பேனாவால் தமிழில் எழுதினார்: ஏற்காடு, பீபரி, வறுத்த தேதி, வறுத்தவர் பெயர். அவளுடைய ஆய்வுக்கூடத்தாருக்கு என்றார்.

பதினைந்து நாள் கழித்து அவள் தொலைபேசியில் பேசினாள். எல்லோரும் முகர்ந்து பார்த்து வியந்தார்களாம். ஒருவர் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தைப் படமெடுத்துக்கொண்டாராம். ஆனால் பால் விடாமல், சர்க்கரையும் போடாமல் குடித்தார்கள் என்றும் சொல்லிவிட்டாள். அந்த வருத்தம் தந்தையாருக்கு இன்னும் தீரவில்லை.